லேப்டாப்பில் கழற்றிய பழைய பாகங்களை வைத்திருப்பதா, விடுவதா? நீலகிரி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் எங்கள் தெருவில் யாருடைய லேப்டாப் மந்தமானாலும் முதலில் என்னிடம்தான் வரும். ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) கூட்டுவது, கோப்புகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே வேலையை வேகமாகச் செய்யும் எஸ்எஸ்டி போடுவது, பேட்டரி மாற்றுவது, பெரும்பாலும் இந்த மூன்றும்தான் வேலை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து இது இன்னும் கூடியிருக்கிறது. வேலை முடிந்து பின்மூடியை மாட்டும்போது மேசையில் ஒரு சின்னக் குவியல் மிஞ்சும். பழைய ரேம், ஹார்டு டிஸ்க், நாலைந்து ஸ்க்ரூ. எல்லாரும் அப்போது கேட்பது ஒரே கேள்விதான்: "இதை வச்சுக்கலாமா, போட்டுடலாமா?"

இத்தனை வருடத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாகத்தை எந்த மெஷினில் போடுவேன் என்று இன்றைக்கே உங்களால் சொல்ல முடிந்தால் வையுங்கள். சொல்ல முடியாவிட்டால், அது நன்றாக வேலை செய்யும்போதே தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். என்றைக்காவது உதவும் என்று அலமாரியில் போட்டு வைப்பது நம் மலையில் சரிப்படாது. டப்பாவை மூட மறந்தால் ஊட்டி வர்க்கி ஒரே ராத்திரியில் நமுத்துப்போவதை நாம் பார்க்கிறோம். அதே ஈரக்காற்றுதான் ரேமின் பொன்னிறப் பற்களையும் டிஸ்க்கின் இணைப்பு முனைகளையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு பொருளை வைத்திருப்பது என்றால் அதைப் பராமரிப்பது என்றுதான் பொருள். அப்படிப் பராமரிக்கத் தகுந்தது எது என்று தேர்ந்தெடுக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கழற்றியதைக் கேட்டு வாங்குங்கள்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா, கீழே ஒரு கடையில் கொடுத்து எஸ்எஸ்டி போட்டு வாங்கி வந்தார். லேப்டாப் பறந்தது. மூன்று மாதம் கழித்து, அப்பாவின் திதிக்காக அவருடைய படம் ஒன்றைப் பெரிது பண்ணலாம் என்று தேடினால் அந்த போல்டரே இல்லை. கடையில் விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். பழைய டிஸ்க்கை அவர்கள் திருப்பித் தரவில்லை, இவரும் கேட்கவில்லை. போன் போட்டபோது அது எப்போதோ போய்விட்டது என்றார்கள். "பழசைக் கேட்டு வாங்கணும்னு எனக்குத் தெரியலையே தம்பி" என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஆகவே மெஷினைக் கடையில் கொடுக்கும்போதே, கழற்றுகிற எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் ரசீதிலும் எழுதி வாங்குங்கள். காசு கொடுத்து மேம்படுத்தும்போது பழைய பாகம் உங்களுடையது. வாரண்டியில் இலவசமாக மாற்றினால் மட்டும் கெட்டுப்போன பாகத்தைப் பெரும்பாலும் நிறுவனமே எடுத்துக்கொள்ளும். அப்படியானால் டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளை என்ன செய்யப்போகிறார்கள் என்று கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாம் படி: அன்றைக்கே எழுதி ஒட்டுங்கள்

ஆறு மாதம் போனால் எந்த ரேம் எதிலிருந்து வந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. ஒரு சின்னக் காகிதத்தில் இவ்வளவு போதும்: எந்த லேப்டாப் மாடலிலிருந்து எடுத்தது, என்ன தேதி, ஏன் எடுத்தது. கடைசிச் செய்திதான் முக்கியம். "நன்றாக இருந்தது, பெரிது போட்டதால் எடுத்தேன்" என்பதற்கும் "அடிக்கடி நீலத் திரை வந்து நின்றுபோனது" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கெட்டதை நல்லதோடு சேர்த்து வைத்துவிட்டு, பிறகு அதையே இன்னொரு மெஷினில் போட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹார்டு டிஸ்க்கின் மேல் ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. அதன் உடம்பில் ஒரு நுண்ணிய காற்றுத் துளை இருக்கும். மூடாதீர்கள் என்று அதன் பக்கத்திலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான வழி அது. காகிதத்தை அந்தத் துளையை விட்டுத் தள்ளி ஒட்டுங்கள்.

கூடவே, டிஸ்க்கைத் தாங்கியிருந்த தகரச் சட்டம், ரப்பர், பட்டையான இணைப்பு ஒயர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு சிறு கவரில் போட்டு, மெஷினை விற்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள். இவை மாடலுக்கு மாடல் மாறும், தனியாகத் தேடினால் கிடைப்பது பெரும்பாடு.

மூன்றாம் படி: பழைய டிஸ்க்கை ஒரு மாதம் தொடாதீர்கள்

புதிய எஸ்எஸ்டிக்கு எல்லாம் வந்துவிட்டது என்று கடையில் சொன்னாலும், நீங்களே நகல் எடுத்திருந்தாலும், பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மேட் செய்யாதீர்கள். சி டிரைவ் மட்டும் வந்து டி டிரைவ் விட்டுப்போவது சகஜம். ஒரு மாதம் வழக்கம்போல வேலை செய்யுங்கள். மாதக் கடைசியில் பில் போடும் மென்பொருள், தேயிலைத் தோட்டக்காரர் என்றால் இலைக் கணக்கு, மகளிர் குழுக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் எல்லாம் ஒரு முறையாவது கண்ணில் படட்டும். படங்களை எண்ணிக்கையை வைத்துச் சரிபாருங்கள். பழைய போல்டரில் எத்தனை, புதியதில் எத்தனை என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த ஒரு மாதம் பழைய டிஸ்க் சும்மா இருந்தால் போதும். புதியது ஏதாவது காலை வாரினால், பழையதைத் திரும்ப மாட்டிய பத்தாவது நிமிடம் உங்கள் பழைய மெஷின் உங்கள் கையில்.

மெஷினுக்கு வாரண்டி மிச்சமிருந்தால், கூடவே வந்த ரேமையும் டிஸ்க்கையும் அது முடியும் வரை வையுங்கள். பழுது என்று கொண்டுபோகும்போது நீங்கள் போட்ட பாகத்தால்தான் கெட்டது என்ற பேச்சு எழுந்தால், பழையதை மாட்டிக் காட்டலாம்.

நான்காம் படி: ஒவ்வொன்றாக முடிவு செய்யுங்கள்

ரேமிலிருந்து தொடங்குவோம். ரேம் சீக்கிரம் கெடாது, இடத்தையும் அடைக்காது. ஆனால் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு, அது மாறினால் பொருந்தாது. லேப்டாப்பில் போடும் டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவிலிருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் உட்காராது, அழுத்தினால் உடையும். டிடிஆர்3-லும் இரண்டு வகை உண்டு. சாதாரணமானது 1.5 வோல்ட். எல் என்று சேர்த்து எழுதியிருப்பது 1.35 வோல்ட். எல் வகை பெரும்பாலும் பழைய 1.5 வோல்ட் மெஷினிலும் ஓடும். ஆனால் எல் மட்டுமே ஏற்கும் மெஷினில் சாதாரணமானதைப் போட்டால் ஓடாது. லேபிளில் பிசி3எல் என்று இருக்கிறதா, வெறும் பிசி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

டிடிஆர்4 என்றால் என் ஆலோசனை, வையுங்கள், அல்லது நல்ல விலைக்கு உடனே விற்றுவிடுங்கள். 2025 இறுதியில் மெமரி விலை எப்படி ஏறியது என்பது புதிதாக வாங்கியவர்களுக்குத் தெரியும். பழைய 8 ஜிபி ரேம் குச்சி ஒன்று இன்னொருவருடைய செலவை மிச்சப்படுத்தும். டிடிஆர்3-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டால், நம் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அதில் கிடைத்த பழைய மெஷின்கள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. பழையவை டிடிஆர்3 காலத்தவை. உங்கள் 4 ஜிபி குச்சியையும் ஒரு சின்ன எஸ்எஸ்டியையும் போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், பத்தாம் வகுப்புப் பிள்ளை பாடம் பார்க்கவும் தட்டச்சு பழகவும் அது போதும். மாடலை மட்டும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உயிரோடிருக்கும் அந்த மெஷின்கள் இன்னும் ஐந்து வருடம் இருக்குமா என்பது சந்தேகம்தான். உங்கள் டப்பாவில் ரேம் காத்திருக்கும்போது, அதைப் போடவேண்டிய மெஷின் காயலான் கடைக்குப் போய்விடும். கொடுப்பதற்கு முன் ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தால்கூட அந்தக் குச்சியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஹார்டு டிஸ்க். வைத்திருப்பதற்கு மிக நியாயமான பாகம் இதுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேசிங்கில் (டிஸ்க்கை வைக்கும் வெளிப்பெட்டியில்) போட்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். 2.5 அங்குல லேப்டாப் டிஸ்க்குக்குத் தனிக் கரண்ட் வேண்டாம், யுஎஸ்பி ஒயரே போதும். வாங்கும் முன் டிஸ்க்கின் தடிமனைப் பாருங்கள். 7 மில்லிமீட்டரும் உண்டு, 9.5-ம் உண்டு. 7-க்கான கேசிங்கில் 9.5 நுழையாது. பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். பழுதான செக்டார்களுக்கு (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு பகுதிகளுக்கு) மாற்று ஒதுக்கிய எண்ணிக்கை ஏறியிருந்தால் அது ஓய்வு பெற வேண்டிய டிஸ்க். நல்ல நிலையில் இருந்தாலும் அதை இரண்டாவது பிரதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஐந்தாறு வருடம் சுழன்ற டிஸ்க்கை நம்பி, இருக்கும் ஒரே கல்யாண வீடியோவை அதில் வைக்காதீர்கள்.

மலை உயரத்தில் ஹார்டு டிஸ்க் சீக்கிரம் கெடும் என்று இங்கே சிலர் சொல்வார்கள். டிஸ்க்கின் உள்ளே எழுதும் முனை காற்றின் மேல்தான் மிதக்கிறது, ஆகவே காற்று மெலிந்தால் சிக்கல் என்பது உண்மை. ஆனால் வழக்கமான டிஸ்க்குகளுக்குச் சொல்லப்படும் வரம்பு சுமார் 3048 மீட்டர். நம் மலையின் உச்சியான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். அந்தக் கவலையை விட்டுவிட்டு ஈரத்தைக் கவனியுங்கள்.

பழைய எஸ்எஸ்டி என்றால், அது 2.5 அங்குல சாட்டாவா, சின்னக் குச்சி போன்ற எம்.2 வகையா, எம்.2 என்றால் சாட்டா இணைப்பா, வேகமான என்விஎம்இ இணைப்பா என்று பார்த்து அதற்கேற்ற கேசிங் வாங்க வேண்டும். பரணில் போட்டுவிட்டு மறப்பதற்கு எஸ்எஸ்டி ஏற்றதில்லை. மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அதன் செல்களில் இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் வரம்பு முழுவதும் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு வரை தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் மெமரி தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். தேயாதது இன்னும் பல காலம் தாங்கும், குளிர்ந்த இடத்தில் இருந்தால் இன்னும் கூடுதலாக. அந்த வகையில் நம் ஊர் குளிர் நமக்குச் சாதகம். ஆனாலும் சில மாதத்துக்கு ஒரு முறை மாட்டி, கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. பழைய பேட்டரியை வைக்காதீர்கள். அது கெட்டதால்தான் மாற்றினீர்கள். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். உப்பியிருந்தால் அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, சார்ஜ் போடவே கூடாது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட மண் சட்டியிலோ தகர டப்பாவிலோ வைத்து, மூடியை இறுக்காமல், படுக்கும் அறைக்கு வெளியே வையுங்கள். குளிருக்குக் கணப்பு போடும் வீடுகளில் அதன் பக்கத்தில் எந்தப் பேட்டரியும் இருக்கக்கூடாது. ஹீட்டருக்கும் இதேதான்.

சார்ஜர் நன்றாக இருந்தால் வையுங்கள். இடி மின்னலில் ஒன்று போனால் இன்னொன்று உதவும். வோல்ட் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. ஒயர் வெடித்திருந்தால் வேண்டாம். வைஃபை கார்டு, டிவிடி டிரைவ், பழைய கீபோர்டு இதெல்லாம் அதே மாடல் மெஷின் வீட்டில் இருந்தால் ஒழிய விட்டுவிடுங்கள். மிகப் பழைய லேப்டாப்பின் திரையாக இருந்தால் அதற்குள் சின்னக் குழல்விளக்கு இருக்கும், அதில் பாதரசம் உண்டு. உடைக்காமல் முழுதாகக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: வைப்பதை ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்தே நனைய ஆரம்பிக்கும். குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில்தான் உச்சம். மஞ்சு வாசல் வழியாகவே வீட்டுக்குள் வருகிற நாட்கள் அவை. என்னுடைய முதல் டப்பாவை நான் மழை படும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தேன், அதுவும் அட்டைப்பெட்டியில். ஒரே மழைக்காலத்தில் அட்டை பதமாகி, கோந்து விட்டு, மூன்று ரேமில் இரண்டின் பற்கள் கறுத்திருந்தன. அட்டையும் செய்தித்தாளும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றில் சுற்றி வைப்பதை விட வெறுமனே வைப்பது மேல்.

தேயிலைத் தூளை நாம் எப்படி வைக்கிறோமோ அப்படித்தான் இதையும் வைக்க வேண்டும். முதலில் பாகம் ஒவ்வொன்றும் நிலைமின்சாரத்தைத் தடுக்கும் ஆன்டி ஸ்டாட்டிக் கவருக்குள். புதிய ரேமோ டிஸ்க்கோ வரும் சாம்பல் நிறப் பளபளப்புக் கவரைத் தூக்கிப் போடாமல் இருந்தால் அதுவே போதும். சாதாரண பிளாஸ்டிக் கவரும் தெர்மோகோலும் வேண்டாம், உரசினால் நிலைமின்சாரம் வரும். தையில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பது நமக்குத் தெரியும்தானே, ரேமைக் கெடுக்க அதில் சிறு பங்கு போதும். கவரைப் போட்ட பிறகு எல்லாவற்றையும் இறுக மூடும் டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். பழைய ஷூ பெட்டியில் கிடந்த பொட்டலம் ஏற்கனவே ஈரம் குடித்து முடித்திருக்கும், பிரயோஜனம் இல்லை. நிறம் மாறும் மணியாக வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு பச்சையானாலோ நிறைந்துவிட்டது என்று தெரியும். அதைக் கொட்டி 120 டிகிரி அளவில் சூடேற்றினால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். சமையல் பாத்திரத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை எடுக்காது. அரிசியும் இதற்கு உதவாது.

டப்பாவை வெளிச்சுவர் அலமாரியில் வைக்காமல், அடுக்களையை ஒட்டிய உள்சுவர்ப் பக்கம் தரைக்கு மேலே வையுங்கள். பேட்டரி எதுவும் அதற்குள் போகக்கூடாது. மாசி, பங்குனியில் நல்ல வெயில் அடிக்கும் நாளில் திறந்து மணியின் நிறத்தைப் பாருங்கள், டிஸ்க்குகளை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் எந்த மெஷினுக்கும் பெயர் சொல்ல முடியாத பாகம் இருந்தால், அது கிளம்ப வேண்டிய நேரம்.

இன்னொன்று. விடிகாலையில் ஊட்டியில் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் பையிலிருக்கும் டிஸ்க் குளிர்ந்தே இருக்கும், கீழே காற்று சூடும் ஈரமுமாக இருக்கும். திறந்த உடனே அதன்மேல் வியர்த்தாற்போல் நீர் கோக்கும். கவரைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு மாட்டுங்கள்.

ஆறாம் படி: கைமாற்றும் முன் முழுதாக அழியுங்கள்

டெலீட் செய்வதும் விரைவு ஃபார்மேட்டும் போதாது. பட்டா நகல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் இலவச மென்பொருளாலேயே மீட்டெடுத்துவிடலாம். ஹார்டு டிஸ்க்குக்கு எளிய வழி, விண்டோஸில் ஃபார்மேட் கொடுக்கும்போது விரைவு என்ற குறியை எடுத்துவிடுவது. விஸ்டாவிலிருந்து இப்படி முழு ஃபார்மேட் கொடுத்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதப்படும். டிஸ்க்கில் எத்தனை பகுதி இருக்கிறதோ அத்தனைக்கும் செய்யுங்கள். 1 டிபிக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், ஆகவே கரண்ட் போகாத நாளாகப் பாருங்கள். அழிப்பது சரியான டிஸ்க்தானா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி எழுதுவதை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் இந்த முறை அதற்கு முழுதாகப் பலிக்காது. தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலோ, மெஷின் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பிலோ பாதுகாப்பாக அழிக்கும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஓடவே ஓடாத டிஸ்க் என்றால் உடைத்துவிட வேண்டும். 2.5 அங்குல டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. கெட்டித் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் அடியுங்கள்.

ஏழாம் படி: மலையிலிருந்து கீழே இறக்குங்கள்

கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் சுற்றுலா வருகிறவர்களிடமிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைக்கிற மாவட்டம் நம்முடையது. அதே ஊரில் மதர்போர்டும் பேட்டரியும் குப்பையோடு சரிவில் கொட்டப்படுவதைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. பழைய போர்டின் பற்றாசில் ஈயம் இருக்கும், ஒயரை எரித்துச் செம்பு எடுத்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், சரிவில் கொட்டியது மழையோடு ஓடைக்குத்தான் போகும். அந்த ஓடையில் காட்டெருமையும் குடிக்கிறது, நாமும் குடிக்கிறோம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, தாங்கள் விற்ற பொருள் முறையாக மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர்கள்தான் பொறுப்பு. ஆகவே முதலில் உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் சேவை எண்ணில் கூப்பிட்டு, அருகில் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் போகும் வேலை இருக்கும்போது எடுத்துப்போகும்படி திட்டமிடுங்கள். பேட்டரியை மட்டும் பஸ் பார்சலிலோ கூரியரிலோ சொல்லாமல் போட்டுவிடாதீர்கள். உப்பியதைக் கூட்டமான பஸ்ஸில் கையிலும் கொண்டுபோகக் கூடாது. மணல் டப்பாவோடு தனி வண்டியில் இறக்க வேண்டும், வெயிலில் நிறுத்தி வைக்காமல்.

ஒரு வீட்டுக்காக ஒரு வண்டி என்றால் யாருக்கும் கட்டாது. நாங்கள் பொங்கலுக்கு முன் வீடு ஒதுக்கும் வாரத்தில் தெருவிலுள்ள வீடுகளில் சொல்லி வைத்து, எல்லாருடையதையும் ஓர் இடத்தில் கொட்டுகிறோம். ஓடுகிற ரேமும் டிஸ்க்கும் முதலில் தனியாகப் பிரியும், வேண்டியவர்கள் மாடலைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சம்தான் வண்டி ஏறும். போன முறை அந்தப் பிரித்தெடுப்பில் கிடைத்த 4 ஜிபி குச்சி ஒன்று, அடுத்த தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பெண்ணின் மெஷினில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.